பாஸ் படத்துக்கு நிற்பதுபோல்

நாலரைக்கு லென்சில் ஆவி படிகிறது.
மூடி திறந்த ஐஸ் பெட்டி ஒவ்வொன்றும்
என் பக்கம் ஒருமுறை மூச்சு விடுகிறது.
தாவணி நுனியால் துடைக்கிறேன்,
அதிலும் ஏற்கெனவே மீன்.

கொட்டியாரக் குடாவில் கப்பல் விளக்கு இரண்டு.
இந்தப் பக்கம் ஒரு குழல்விளக்கு,
எரியவும் மனமில்லை, அணையவும் மனமில்லை.
அதன் கீழே கிடக்கும் சூரைகள்
நீலமா கறுப்பா என்று
கமெராவுக்கும் தெரியவில்லை.

"கலியாணத்துக்குப் படம் எடுக்கிற பிள்ளையெல்லோ?
இஞ்ச ஆருக்குக் கலியாணம்?"
பூரணவதி அக்கா சூடையைக் கூறு வைத்தபடி கேட்க
இருட்டுக்குள்ளிருந்து ஒரு குரல்:
"அறுக்குளாவுக்கும் பாரைக்கும்!"
மாப்பிள்ளை என்ன விலை என்றான் சுமித்.
கந்தளாயிலிருந்து வானோடு வருபவன்,
அவனுக்குத் தெரிந்த தமிழ் முழுதும் விலைகள்தான்.

பஸ் நிலையப் பக்கமிருந்து ஒரு மான் வந்து
ஈரப் பேப்பரைத் தின்கிறது.
திருகோணமலையில் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.
நானும் எடுக்கவில்லை.

ஏலம்.
நியாஸ்தீன் நானாவின் வாய்க்கு முன்னால்
என் ஷட்டர் நொண்டுகிறது.
ஆயிரத்து இருநூறு இருநூற்றம்பது முந்நூறு முந்நூறு
ஒருவன் காதைச் சொறிகிறான்
ஒருவன் கண்ணை மூடித் திறக்கிறான்
அதற்குள் ஒரு சுறா கைமாறிவிட்டது.
எவ்வளவு பெரிதாக்கிப் பார்த்தாலும்
வாங்கியது யார் என்பது படத்தில் இராது.

நான் வந்தது
வெட்டுக் குற்றிக்குப் பின்னால் நிற்கும் இஞ்ஞாசி அண்ணனுக்காக.
கத்தி இறங்க, செதில் பறக்க,
வாயோரம் பற்றவைக்காத பீடி.
எட்டு விடியலாய்க் காத்த வெளிச்சம்
தகர ஓட்டையால் இப்போதுதான்
அவர் மணிக்கட்டுக்கு வந்து சேர்கிறது.

கமெராவைக் கண்டார்.
கத்தியை வைத்தார்.
பீடியைக் காதிடுக்கில் செருகி, பின் யோசித்து,
அதையும் எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டார்.
ஈரக்கையால் தலையைப் படிய வாரி
தாடையை உயர்த்தி
இரண்டு காதும் தெரிய
நேரே பார்த்தார்.

"அண்ணே, வெட்டுங்கோ.
நான் இல்லையெண்டு நினையுங்கோ."
"எடுத்திட்டியோ?" உதடு அசையவில்லை.

கடலுக்குப் போகப் பாஸ் கேட்ட வருசங்கள்.
காது தெரியவேணும், பல்லுத் தெரியக்கூடாது.
"பதினாறு படம் கிடக்கு என்னட்ட.
பதினாறிலயும் ஒரே ஆள், ஒரே சேட்டு.
சேட்டு ஸ்டூடியோக்காரன்ர."

எங்கள் ஸ்டூடியோவிலும்
கதவுக்குப் பின்னால் ஒரு சேட்டுத் தொங்குகிறது.
நான் அதைச் சொல்லவில்லை.

"வேற மாதிரி எப்பிடி நிக்கிறது, சொல்லு."
தோளைத் தளர்த்துங்கோ, அவவைப் பாருங்கோ,
இல்லை, கமெராவை மறவுங்கோ என்று
எத்தனை மாப்பிள்ளைமாருக்குச் சொன்ன வாய்
மூடிக்கொண்டது.

"பின்னால வெள்ளை இல்லையே" என்றார், கவலையோடு.
ஐஸ் உடைக்கும் மிஹ்ளார்
ரெஜிபோம் பெட்டி மூடியொன்றைத் தூக்கி
அவர் தலைக்குப் பின்னால் பிடித்தான்.
மூடியில் இரத்தம் ஒரு கோடாய் இறங்கியது.
அவர் கண்ணுக்குக் கீழே ஒரு செதில்.
துடைக்கச் சொல்லவில்லை.

பிறகு வரிசை.
பூரணவதி அக்கா முந்தானையை ஒதுக்கி,
நானா தொப்பியைச் சரிசெய்து,
சுமித் மூன்றுதரம், மூன்றிலும் கண்மூடி.
பாரத்தட்டு அந்தரத்தில் நின்றது.
"மீனை நிறுங்கோ, ஐஸ் உருகுது!"
கத்தியவரும் வந்து நின்றார் கடைசியில்.

ஆறரைக்குச் சந்தை கழுவுப்பட்டது.
சந்தைப் படம் என்று ஒன்றும் இல்லை.
கூலி, ஒரு பையில் அரைக்கிலோ சூடை.

அடுத்தநாள் பிரிண்ட் கொண்டுபோனேன்.
விரல் படாமல், இரண்டு நகத்தால் விளிம்பைப் பிடித்து
அவர் பார்த்துக்கொண்டே இருக்க
வாங்க வந்தவர்கள் இருவர் வேறு குற்றிக்குப் போனார்கள்.

"பதினேழு" என்றார்.
பிறகு,
"இதில சேட்டு என்ர."